குதிகாலைத் தூக்கினால் ஸ்கேனில் ஆடுசதை நார்கள் மறைகின்றன, உதவுங்கள்

கீழக்கரை பிசியோ:
முதுநிலை கடைசி வருடம். தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுக்கிறவர்களின் ஆடுசதை எப்படிச் சுருங்குகிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்ப்பதுதான் என் ஆய்வு. மணலில் காலை ஊன்றிப் பின்னுக்கு நடந்தே இழுப்பார்கள், பார்த்திருப்பீர்கள். ஒரு ஸ்கேன் சென்டரில், டாக்டர் கூட இருக்க, மாலையில் மெஷின் தருகிறார்கள். லீனியர் ப்ரோப் (தோலில் வைத்துப் பார்க்கும் நேர்முனைக் கருவி), ஆழம் 8 செ.மீ. குப்புறப் படுத்திருந்தால் நார்கள் சாய்கோடுகளாகப் பளிச்சென்று தெரிகின்றன. நின்று குதிகாலைத் தூக்கச் சொன்னால் எல்லாம் கலங்கி, நடுவில் கறுத்துவிடுகிறது. மெஷின் கோளாறா?

நிழல்படம்:
மெஷின் மேல் பழி போடாதீங்க. சுருங்கும் சதை உப்பிக்கொண்டு ப்ரோபைத் தள்ளும், உங்கள் கை லேசாகச் சாயும். நாரில் பட்ட ஒலி அப்புறம் வேறு பக்கம் தெறித்துவிடும், அதுதான் கறுப்பு. கையால் பிடிக்காதீர்கள். ரப்பர் ஃபோமில் ப்ரோப் அளவுக்குக் குழி வெட்டி, க்ரேப் பேண்டேஜால் காலோடு கட்டுங்கள். இறுக்கினால் சதை தட்டையாகி அளவே மாறிவிடும். திரையின் மேல் விளிம்பில் ஜெல் ஒரு கீற்றாகத் தெரிய வேண்டும், அப்போதுதான் இறுக்கவில்லை என்று அர்த்தம்.

பாம்பன் டெக்னீஷியன்:
கறுப்பு வேறு, கலங்கல் வேறு தம்பி. கலங்கலுக்கு பெர்சிஸ்டன்ஸைப் பாருங்க. பழைய ஃப்ரேம்களைப் புதியதோடு கலந்து காட்டும். ஈரலுக்குச் சரி, ஓடுகிற சதைக்கு ஆகாது. சுழியில் வையுங்கள். ஆழம் 5 போதும், ஃபோகஸ் ஒன்று போதும். ஒலி போய்த் திரும்பும் நேரம் குறைந்தால் விநாடிக்குக் கூடுதல் ஃப்ரேம் கிடைக்கும்.

கீழக்கரை பிசியோ:
நேற்று பலித்துவிட்டது! வந்திருந்த அண்ணன் திரையைப் பார்த்து, "பாதி மீன் முள்ளு மாதிரில்ல இருக்கு" என்றார். இவ்வளவு நாள் படித்தும் எனக்கு அது தோன்றவில்லை. இப்போது வேறு சிக்கல்: ப்ரோப் அகலம் 4 செ.மீ.தான், நாரின் மறுமுனை திரைக்கு வெளியே போகிறது. கோட்டை நீட்டி நீளம் கணக்கிடலாமா? மெஷினைக் கடற்கரைக்கே கொண்டுபோக ஆசை, அது முடியுமா?

நிழல்படம்:
ஓய்வில் இருக்கும்போது நீட்டலாம். சுருங்கும்போது நார் வளையும், நேர்கோடு பொய் சொல்லும். அங்கே சாய்கோணத்தையும் (நார் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதையும்) சதைத் தடிமனையும் மட்டும் எழுதுங்கள். கடற்கரை ஆசையை விட்டுவிடுங்கள். கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பதிவு செய்த இடத்தை விட்டு மெஷினை இஷ்டத்துக்கு நகர்த்த முடியாது. நான் ஆடுசதைதானே பார்க்கிறேன் என்றெல்லாம் வாதாட முடியாது.

கீழக்கரை பிசியோ:
சரி சார். வலைக்கயிற்றைச் சென்டருக்குக் கொண்டுவருகிறேன். சுவரில் கொக்கி அடிக்க விடுவார்களா என்று கேட்க வேண்டும்.