'ஜட்ஜ் ஜான் டீட்' போன்ற ஒரு நீதிபதி உண்மையில் இருக்க முடியுமா?

தொடர்விரும்பி:

வணக்கம். பிபிசி 2001 முதல் 2007 வரை ஒளிபரப்பிய 'ஜட்ஜ் ஜான் டீட்' தொடரை அண்மையில் பார்த்து முடித்தேன். மார்ட்டின் ஷா நடித்திருக்கும் சர் ஜான் டீட், இங்கிலாந்தின் உயர் நீதிமன்ற நீதிபதி. ஒரு வழக்கு எப்படி முடிய வேண்டும் என்று அரசும் மூத்த நீதிபதிகளும் விரும்புகிறார்களோ அதைப் பொருட்படுத்தாமல், தம் மனத்துக்கு நியாயம் என்று படும் திசையில் அவர் விசாரணையை நடத்துகிறார். நீதித்துறை நிர்வாகத்தைக் கவனிக்கும் லார்ட் சான்சலர் துறையின் அதிகாரிகள் அவரைப் பதவியிலிருந்து இறக்க ஓயாமல் வழி தேடுகிறார்கள்.

அந்த மனிதர்மீது எனக்குப் பெரும் மதிப்பு ஏற்பட்டது. ஆனால் அவர் முன்னிலையில் அடிக்கடி வழக்காடும் பாரிஸ்டர்களில் ஒருவர் அவருடைய முன்னாள் மனைவி, இன்னொருவர் அவர் காதலிக்கும் பெண் என்பது தொடர்ந்து உறுத்திக்கொண்டே இருந்தது. இங்கிலாந்தின் சட்ட நடைமுறை அறிந்தவர்களிடம் கேட்கிறேன்: இப்படி ஒருவர் அங்கே பதவியில் நீடிக்க முடியுமா? அவர் செய்வது நீதிக்கு நன்மையா, கேடா?

வழக்குமன்றவாசி:

முதல் கேள்விக்கான விடை உங்களுக்கு வியப்பளிக்கலாம்: அரசோடு முரண்படுவதற்காக அவரைப் பதவியிலிருந்து நீக்குவது ஏறக்குறைய இயலாத செயல். 1701ஆம் ஆண்டின் சட்டம் தொடங்கி இன்றுவரை, உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை நீக்க வேண்டுமானால் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அதற்கான வேண்டுகோளை நிறைவேற்றி அரசரிடம் அளிக்க வேண்டும். இந்த வழியில் நீக்கப்பட்டவர் வரலாற்றில் ஒரே ஒருவர்தான். நீதிமன்றப் பணத்தைக் கையாடியதற்காக 1830இல் பதவியிழந்த சர் ஜோனா பாரிங்டன். அவரும் அயர்லாந்தின் கடல்சார் நீதிமன்றத்தைச் சேர்ந்தவர். ஆகவே தொடரில் அதிகாரிகள் மேற்கொள்ளும் முயற்சிகள் மீண்டும் மீண்டும் தோற்பது கதைக்கான வசதி மட்டுமன்று, அரசியலமைப்பு அப்படித்தான் அமைந்திருக்கிறது.

நம்ப முடியாத இடம் வேறு. தமக்கு வேண்டிய வழக்கைத் தாமே எடுத்துக்கொள்ளும் உரிமை நீதிபதிக்குக் கிடையாது. வழக்குகளை ஒதுக்குவதற்கென்று தனி நடைமுறை இருக்கிறது. அதைவிடப் பெரியது உங்களை உறுத்திய விஷயம். 1998 நவம்பரில் சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோசேக்குக் கைது நடவடிக்கையிலிருந்து விலக்குரிமை இல்லை என்று அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் செயல்பட்ட பிரபுக்கள் அவையின் நீதிபதிகள் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தார்கள். பெரும்பான்மையில் இருந்த ஹாஃப்மன் பிரபு, அவ்வழக்கில் வாதம் முன்வைத்த மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி இன்டர்நேஷனலோடு தொடர்புடைய ஓர் அறநிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். அதை அவர் முன்கூட்டியே தெரிவிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, அடுத்த மாதமே அந்தத் தீர்ப்பு ரத்துசெய்யப்பட்டு, புதிய அமர்வு முழு வழக்கையும் மறுபடி கேட்டது. அவர் ஒருதலையாக நடந்தார் என்று எவரும் நிறுவவில்லை. நிறுவ வேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஓர் அறநிறுவனத் தொடர்புக்கே இந்த விளைவு என்றால், காதலி ஒரு தரப்புக்காகவும் முன்னாள் மனைவி மறுதரப்புக்காகவும் வாதாடும் வழக்கில் டீட் வழங்கும் எந்தத் தீர்ப்பு மேல்முறையீட்டில் நிற்கும்?

என்னைப் பொறுத்தவரை தொடரின் உண்மையான குறை இதுதான். அரசை எதிர்க்கும் துணிவு நீதிபதிக்கு அழகு. ஆனால் விலக வேண்டிய வழக்கிலிருந்து விலகாதவர், தாம் காப்பாற்ற நினைக்கும் ஏழைக் கட்சிக்காரருக்கே தீங்கு செய்கிறார். ஏனென்றால் வென்ற வழக்கை அந்தக் கட்சிக்காரர் மறுபடியும் முதலிலிருந்து நடத்த நேரிடும்.

பழையநேயர்:

நண்பர் சொன்னதை ஏற்கிறேன். இருந்தாலும் தொடர் எழுதப்பட்ட காலத்தை நினைவில் கொள்ள வேண்டும். 2001இல் லார்ட் சான்சலர் என்பவர் அமைச்சரவை உறுப்பினர், நீதித்துறையின் தலைவர், பிரபுக்கள் அவையின் அவைத்தலைவர் ஆகிய மூன்று பொறுப்புகளையும் ஒருங்கே வகித்தார். நீதிபதிகளின் நியமனமும் பதவி உயர்வும் பெரும்பாலும் அவர் துறையின் கையில் இருந்தன. அமைச்சரின் அதிகாரிகள் நீதிபதியின் அறைக்குள் வந்து, வழக்கைப் பற்றி நயமாகப் பேசும் காட்சிகள் மிகைப்படுத்தப்பட்டவைதாம். ஆயினும் அவை சுட்டிக்காட்டும் ஆபத்து மெய்யானது. அத்துறை 2003இல் கலைக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சீர்திருத்தச் சட்டம் நீதித்துறைத் தலைமையைத் தலைமை நீதிபதிக்கு மாற்றியது. அது 2006 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தொடரின் கடைசி ஆண்டுகளில், அது எதிர்த்த அமைப்பே மாறிக்கொண்டிருந்தது. இந்தப் பின்னணியை மனத்தில் வைத்துப் பார்த்தால், தொடரை உருவாக்கிய ஜி. எஃப். நியூமன் எதன்மீது கோபம் கொண்டிருந்தார் என்பது விளங்கும்.

சட்டவரலாறு:

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மரபை மீறும் நீதிபதி என்றால் இங்கிலாந்தில் முதலில் நினைவுக்கு வருபவர் டென்னிங் பிரபு. 1947இல், உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த இளம் ஆண்டுகளிலேயே, கொடுத்த வாக்கை நம்பி நடந்தவரை அந்த வாக்கை அளித்தவர் கைவிட முடியாது என்ற கோட்பாட்டுக்குப் புத்துயிர் கொடுத்தார். 1962 முதல் 1982 வரை மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் உரிமையியல் பிரிவுக்குத் தலைமை வகித்தபோது, மேலமைப்பான பிரபுக்கள் அவை அவரைப் பலமுறை திருத்தியது. 1972இல் ஒரு வழக்கில் வெளிப்படையாகவே கண்டித்தது. டீடிடமிருந்து அவர் வேறுபடுவது எதில் என்றால், அவருடைய மீறல் அனைத்தும் காரணங்களோடு எழுதப்பட்ட தீர்ப்புகளில் இருந்தது. எவரும் அதைப் படித்து மறுக்கலாம், மேலே கொண்டுசெல்லலாம். டீட் பல வேளைகளில் தம் அறைக்குள்ளும் தொலைபேசியிலும் இரவு விருந்திலும் நீதியைத் தேடுகிறார். அது எவ்வளவு நல்ல நோக்கத்தோடு நடந்தாலும், மறுக்க வழியில்லாத அதிகாரம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மனச்சான்றின்படி சட்டத்தை மீறிச் செல்லும் இடத்தை இங்கிலாந்து நீதிபதியிடம் கொடுக்கவில்லை, குற்றவாளியா இல்லையா என்று முடிவுசெய்யும் பொதுமக்கள் குழுவான ஜூரியிடம் கொடுத்திருக்கிறது. 1670இல் வில்லியம் பென் என்பவரைக் குற்றவாளி என்று சொல்ல மறுத்த ஜூரிகள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அவர்களை விடுவித்த தீர்ப்புதான் ஜூரியின் சுதந்திரத்துக்கு அடித்தளம். 1985இல் பாதுகாப்புத் துறை அதிகாரி கிளைவ் பான்டிங், ஃபாக்லாந்து போரில் மூழ்கடிக்கப்பட்ட பெல்கிரானோ கப்பல் பற்றிய ஆவணங்களை ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்பிய வழக்கில், 'அரசின் நலன்' என்பது அன்றைய அரசாங்கத்தின் கொள்கையே என்று நீதிபதி ஜூரிக்கு விளக்கினார். அந்த விளக்கத்தை ஏற்றால் குற்றவாளி என்பதைத் தவிர வேறு முடிவுக்கு வழியே இல்லை. ஜூரி அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. எப்படிப்பட்ட வழக்கிலும் 'குற்றவாளி என்று முடிவுசெய்யுங்கள்' என ஜூரிக்கு நீதிபதி ஆணையிட முடியாது என்று பிரபுக்கள் அவை 2005இல் திட்டவட்டமாக உரைத்தது. இந்தியாவில் ஜூரி முறை மறைந்து நெடுங்காலம் ஆகிவிட்டதால், நீதிமன்றக் கதை என்றாலே நம் கண்கள் நீதிபதியைத் தேடிச் செல்கின்றன. இந்தத் தொடரைப் பார்க்கும்போது, ஓரமாக அமர்ந்திருக்கும் அந்தப் பன்னிரண்டு பேரைக் கவனியுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

தொடர்விரும்பி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரே ஒரு துணைக்கேள்வி. டீட் சாட்சிகளைத் தாமே நீண்ட நேரம் விசாரிக்கிறார். வழக்கறிஞர்கள் கேட்கத் தவறியதை அவர் கேட்கும்போதுதான் பல வழக்குகளில் உண்மை வெளிப்படுகிறது. அதுவாவது அனுமதிக்கப்பட்டதா?

வழக்குமன்றவாசி:

தெளிவு பெறுவதற்காகச் சில கேள்விகள் கேட்கலாம். விசாரணையையே கையில் எடுத்துக்கொள்ளக் கூடாது. 1957இல், சுரங்க விபத்தில் இறந்த தொழிலாளி ஒருவரின் மனைவி தேசிய நிலக்கரி வாரியத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், ஹாலட் என்னும் நீதிபதி அளவுக்கு மீறிக் குறுக்கிட்டதால் தம் வாதத்தை உரியபடி முன்வைக்க முடியவில்லை என்று இரு தரப்புமே முறையிட்டன. அவர் உண்மையை அறியும் ஆர்வத்தால்தான் அப்படிச் செய்தார் என்பதை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட பிறகும் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் டென்னிங். ஹாலட் சிறிது காலத்தில் பதவி விலகினார்.