பனியன் யூனிட்டை மூடியாச்சு, மறுபடி நாலு மெஷின் போடலாமா?

கைமடிப்பு

வணக்கம். திருப்பூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் பனியன் யூனிட் வைத்திருந்தேன். முதலில் கூலிக்கு மட்டும் தைத்தோம், அப்புறம் சொந்தமாகத் துணி எடுத்து டி-சர்ட் தைத்து வடக்கே ஒரு மொத்த வியாபாரிக்கு அனுப்ப ஆரம்பித்தோம். முப்பது மெஷின் வரை ஓடியது. 2021 கடைசியில் ரேட் பேசிய ஆர்டர், 2022-ல் நூல் விலை ஏறிய ஏற்றத்தில் சிக்கிக்கொண்டது. அந்த மே மாதம் ஊரே இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தது இங்கே பலருக்கு ஞாபகம் இருக்கும். பேசிய ரேட்டுக்கே சரக்கு போனது. பார்ட்டி பாதிப் பணம் கொடுத்துவிட்டு, மீதிக்கு ஷேடு (நிற) வித்தியாசம், அளவு வித்தியாசம் என்று இழுத்து, கடைசியில் போனையே எடுப்பதில்லை. 18 லட்சம் அங்கே நிற்கிறது.

பேங்க் கணக்கு என்பிஏ (வாராக்கடன்) ஆகி, மெஷினை விற்று, தோட்டத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து ஓடிஎஸ் (பேங்கோடு பேசிக் கடனைக் குறைத்துக் கட்டும் சமரசம்) போட்டு முடித்தோம். வீடு தப்பியது. துணிக்காரர், நூல் கடை, பிரிண்டிங், அட்டைப்பெட்டிக்காரர் என்று வெளியே இன்னும் ஏழு லட்சம் பாக்கி. ஒருவர் கையில் என் செக் இருக்கிறது.

இப்போது ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் புரொடக்‌ஷன் இன்சார்ஜ். சம்பளம் வருகிறது. ஆனால் அமெரிக்கா 2025 ஆகஸ்டில் 50 சதவீதம் வரி போட்டதிலிருந்து ஷிப்ட் குறைந்து, இந்த வேலை எத்தனை நாள் என்று தெரியாமல் இருக்கிறோம். வீட்டில், ‘பழைய டெய்லர்கள் இரண்டு பேர் வருவதாகச் சொல்கிறார்கள், நாலு மெஷின் போட்டு ஆரம்பிக்கலாம்’ என்கிறார்கள். பாக்கி இருக்கும்போது புது மெஷின் வாங்கினால் ஊர் என்ன பேசும், கடன்காரர்கள் வந்து மெஷினைத் தூக்கிப் போய்விடுவார்களா, பேங்கில் மறுபடி வாசல் திறக்குமா, இதெல்லாம்தான் தூக்கம் கெடுக்கிறது. விழுந்து எழுந்தவர்கள் சொல்லுங்கள். தன்னம்பிக்கை வீடியோ லிங்க் மட்டும் வேண்டாம், நிறையப் பார்த்தாச்சு.

காதர்பேட்டை வாசி

வேலையை விடாதீங்க. அவ்வளவுதான் என் பதில். இந்த ஊரில் விழுந்தவர்களில் எழுந்தவர்கள் பேச்சுதான் காதில் விழும், எழாதவர் யாரும் மேடையேறிப் பேசுவதில்லை. அமிதாப் பச்சன் கம்பெனி திவாலாகிக் கடன் அடைக்கவில்லையா என்று ஒருவர் வந்து சொல்வார் பாருங்கள். அவர் 2000-ல் டிவியில் வந்து உட்கார்ந்தால் நாடே பார்த்தது, முகமே மூலதனம். நமக்கு ஏது? நாலு மெஷினை வைத்துக்கொண்டு ஏழு லட்சம் அடைப்பதை விட, சம்பளத்தில் மாதாமாதம் அடைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

சாயத்தண்ணி

காதர்பேட்டை தம்பி சொல்வதில் பாதி சரி, வேலையை உடனே விடக் கூடாது. மீதிப் பாதிக்கு என் கதையைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளம்.

2011 ஜனவரி 28, ஹைகோர்ட் உத்தரவு. நொய்யல் ஆற்றில் ஒரு சொட்டுச் சாயக்கழிவு விடாத சாயப் பட்டறை மட்டும்தான் ஓடலாம் என்று ஆனதும் 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே அடியாக நின்றன. எனது சின்னப் பட்டறை, நாலு வின்ச் (துணிக்குச் சாயம் ஏற்றும் மெஷின்), ஒரு பாய்லர். உத்தரவு தப்பு என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன், சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் நிலம் வைத்திருந்தவர்களிடம் போய்க் கேட்டால் தெரியும். ஆனால் பூட்டியபோது என் தலையில் கடன் இருந்தது: பேங்க், கலர்க் கடை, உப்பு மண்டி, பாய்லருக்கு விறகு லோடு போட்டவர்.

நான் செய்தது ஒன்றுதான். ஒரு நாற்பது பக்க நோட்டில் எல்லாப் பெயரையும் எழுதினேன், தொகையை வைத்து வரிசைப்படுத்தவில்லை. நான் கொடுக்காவிட்டால் யார் வீட்டில் அடுப்பு எரியாதோ அவர் மேலே. முதல் பெயர் விறகுக்காரர். இரண்டாவது, பட்டறையில் வேலை செய்த பையன்களின் போனஸ் பாக்கி. கலர்க் கடைக்காரர் கடைசி, அவர் தாங்குவார், அவரிடம் நேரில் போய் அதையே சொன்னேன். திட்டினார். திட்டட்டும், வாங்கிக்கொண்டு டீ குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

அப்புறம் லூதியானாவுக்கு டையிங் மாஸ்டர் வேலைக்குப் போனேன். பட்டறை முதலாளியாக இருந்தவன் இன்னொருத்தன் பட்டறையில் சம்பளத்துக்கு நிற்பதா என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அந்தக் குளிரில் நின்றபோது அதெல்லாம் நினைவுக்கே வராது. மாதம் பிறந்தால் நோட்டில் மேலே இருப்பவருக்குப் பணம், அனுப்பிவிட்டுப் போன். பணம் அனுப்ப முடியாத மாதமும் போன் உண்டு.

திரும்பி வந்தபோது பட்டறை போடும் தெம்பு இல்லை, கழிவுநீரைச் சுத்திகரிக்க ஆர்ஓ, எவாப்பரேட்டர், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பங்கு என்று அது பெரிய முதலாளிகளின் தொழிலாகிவிட்டது. எனக்குக் கைவசம் இருந்தது கண், ஷேடு பார்க்கிற கண். சின்னப் பார்ட்டிகளின் கோரா (சாயம் போடாத) துணியை வாங்கி, பட்டறையில் கொடுத்து, லேப் டிப் (கலர் மாதிரித் துண்டு) சரிபார்த்து, காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் அழுத்தி எடுப்பது) வரை பார்த்து வாங்கித் தருகிறேன், கிலோவுக்கு இவ்வளவு என்று. முதல் லோடுக்குப் பணம் முன்னால் வைக்க என்னிடம் இல்லை. பட்டறைக்காரர் நம்பி எடுத்தார். ஏன் என்று பிற்பாடு தெரிந்தது, அவருக்கும் அதே விறகுக்காரர்தான் லோடு போடுகிறார்.

ஆக, ஊர் என்ன பேசும் என்றால், நோட்டில் மேலே இருப்பவர் என்ன பேசுகிறாரோ அதைத்தான் ஊர் பேசும். உங்கள் லிஸ்ட்டில் அட்டைப்பெட்டிக்காரர் பாக்கியை முதலில் முடியுங்கள்.

இன்னொன்று, பார்ட்டி ஷேடு வித்தியாசம் என்றாரே, அவர் ஓகே செய்த லேப் டிப் கட்டிங் கையெழுத்தோடு வைத்திருக்கிறீர்களா? இருந்தால் பத்திரம்.

கணக்குப்பிள்ளை

ஜிஎஸ்டி, வருமான வரி வேலை பார்ப்பவன். வக்கீல் இல்லை, அதனால் கீழே சொல்வதை ஒரு வக்கீலிடமும் காட்டிவிடுங்கள்.

முதலில் அந்த 18 லட்சம். சாதாரணப் பண வழக்குக்கு 3 வருடம்தான் கெடு. 2022 பில் என்றால் கெடு தாண்டியிருக்கலாம், அதனால் நீங்கள் இன்றைக்கே பார்க்க வேண்டியது, பார்ட்டி கடைசியாகப் பணம் போட்ட தேதி என்ன, ‘பாக்கி இவ்வளவு, தருகிறேன்’ என்று எழுத்தில் எப்போதாவது ஒப்புக்கொண்டாரா என்பது. கெடுவுக்குள் எழுதியிருந்தால் அந்தத் தேதியிலிருந்து மறுபடி 3 வருடம் எண்ணலாம். மெயில், வாட்ஸ்அப் எதையும் அழித்துவிடாதீர்கள்.

சரக்கு அனுப்பும்போதே உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருந்ததா? இருந்தால் சிறு தொழில் சட்டம் 2006 உங்களுக்குப் பொருந்தும். ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்குள் வாங்கியவர் பணம் தர வேண்டும், தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. பார்ட்டி வடக்கே இருந்தாலும் நீங்கள் அங்கே அலைய வேண்டாம், இந்தச் சட்டப்படி பாக்கித் தகராறை விசாரிக்கக் கவுன்சில் உண்டு, விற்றவர் இருக்கும் இடத்துக் கவுன்சிலே விசாரிக்கலாம். மனு ஆன்லைனில். தீர்ப்பு வந்தபின் அவர் அதை எதிர்த்துப் போக வேண்டுமானால் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும், இதனால்தான் நோட்டீஸ் போனதும் பலர் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வருகிறார்கள். சட்டத்தில் 90 நாள் என்று இருக்கிறது, நிஜத்தில் அதை விட இழுக்கும், அந்தப் பணத்தை நம்பி மெஷின் வாங்காதீர்கள்.

பழைய ஜிஎஸ்டி நம்பர் என்ன ஆச்சு? யூனிட்டைப் பூட்டிவிட்டு நம்பரை அப்படியே விட்டவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். ரிட்டர்ன் போடாமல் துறையே ரத்து செய்திருந்தால், அதே பான் கார்டில் புதிதாக எடுக்கும்போது பழைய பாக்கி வந்து நிற்கும். ரத்தான பிறகு 3 மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற கடைசி ரிட்டர்ன் போட வேண்டும், அது பலருக்குத் தெரிவதே இல்லை. ஒரு நல்ல சேதி: துணி பார்ட்டியுடையது, நீங்கள் தைத்து மட்டும் தருகிறீர்கள் என்றால் அது சேவைக் கணக்கு, வருடக் கூலி 20 லட்சத்துக்குள் இருக்கும்வரை ஜிஎஸ்டி எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பேங்க் வாசல்... ஓடிஎஸ் போட்டால் சிபிலில் (பேங்குகள் பார்க்கும் கடன் வரலாற்று அறிக்கை) ‘செட்டில்டு’ என்று விழும், ‘குளோஸ்டு’ என்று இருக்காது. புதுக் கடன் கேட்கும்போது மேனேஜர் கண் அங்கேதான் போகும். தள்ளுபடி செய்த மிச்சத்தையும் கட்டினால் மாற்றித் தரும் வழக்கம் சில பேங்குகளில் உண்டு, எழுதிக் கேளுங்கள். பாக்கி இல்லை என்று பேங்க் தரும் நோ டியூ சர்டிபிகேட் கையில் இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள்.

செக் விஷயம். பணத்தைக் கட்டும் அன்றைக்கே செக்கைத் திரும்ப வாங்குங்கள். ‘கிழித்துப் போட்டுட்டேன் தம்பி’ என்றால் அதையே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். மெஷினைத் தூக்குவது பற்றிப் பயப்பட வேண்டாம், கோர்ட் உத்தரவு இல்லாமல் கடைக்காரர் யாரும் வந்து எடுத்துப்போக உரிமை கிடையாது. ஆனால் கந்துவட்டிக்கு மட்டும் போய்விடாதீர்கள், அதற்கு 2003-லேயே சட்டம் வந்தும் நம்மூரில் வாரவட்டி நிற்கவில்லை.

சாயத்தண்ணி ஐயா சொன்ன நோட்டு சரி. நேரில் போய்ப் பேசுங்கள், ஆனால் போன வேகத்தில் ஸ்டாம்ப் பேப்பரில் ‘இந்தத் தேதிக்குள் தருகிறேன்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். பார்ட்டிக்குச் சொன்ன அதே 3 வருடக் கணக்கு உங்களுக்கும் உண்டு, எழுதிக் கொடுத்தால் அது மறுபடி முதலிலிருந்து ஓடும்.

சாயத்தண்ணி

கணக்குப்பிள்ளை சொல்வது சட்டம். ஆனால் கெடு முடிகிறதா என்று எண்ணிக்கொண்டு கடன்காரர் முன்னால் உட்கார்ந்தால் அது முகத்தில் தெரிந்துவிடும். அதே கடைக்குத்தான் நாளைக்கு நூல் கோன் வாங்கப் போகணும்.

கணக்குப்பிள்ளை

கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை ஐயா. முடியாத தேதியை எழுதிக் கொடுக்காதீர்கள் என்கிறேன். வாயால் சொல்லித் தவறுவதும் எழுதிக் கொடுத்துத் தவறுவதும் ஒன்றில்லை.

ஈரோட்டு அக்கா

தம்பி, மேலே எல்லாரும் ஆம்பளைக் கணக்காகவே பேசுகிறார்கள், வீட்டுக் கணக்கை நான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் நைட்டி, உள்பாவாடை தைத்து வெளியூருக்குக் கடனுக்கு அனுப்பிய தொழில் விழுந்தது. அவர் ரொம்ப நாள் வாசலைத் தாண்டவில்லை, போன் அடித்தால் உடம்பு நடுங்கும். நான் போனை வாங்கி வைத்துக்கொண்டேன். கடன்காரர் எல்லாருக்கும் சொன்னேன், ‘அண்ணா, சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு மணி வரை நானே எடுப்பேன், மத்த நேரம் எடுக்க மாட்டோம்’ என்று. முதல் வாரம் கத்தினார்கள், அப்புறம் ஆறு மணிக்கே கூப்பிடப் பழகிவிட்டார்கள். பகல் முழுக்க வீடு அமைதியானதும்தான் அவர் மெஷினில் உட்கார்ந்தார்.

மறுபடி தொடங்கியபோது நான் வைத்த நிபந்தனை ஒன்று, கடனுக்கு ஒரு பீஸ் கூடக் கிடையாது. கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தைக்குத் திங்கள் ராத்திரி மூட்டையோடு போவோம், கேரளா, கர்நாடகா வியாபாரிகள் வருவார்கள், ரொக்கம். லாபம் கம்மிதான். பீஸுக்கு இரண்டு ரூபாய் குறைத்துக் கேட்பார்கள், கொடுத்துவிடுவேன். இரண்டு ரூபாய் போனாலும் செவ்வாய்க்கிழமை காலையில் கையில் காசு இருக்கிறதே, அதை வைத்துப் புதன்கிழமை துணி எடுப்போம். முன்னே வருஷத்துக்கு எவ்வளவு விற்றோம் என்று பெருமை பேசிய வீடு, இப்போது வாரத்துக்கு மூட்டை எத்தனை என்று மட்டும் பேசுகிறது.

தூக்கம் கெடுகிறது என்றீர்களே, அதைச் சும்மா விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் போட்டால் தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. எங்கள் வீட்டில் நான்தான் முதலில் பேசினேன், அப்புறம் அவர் பேசினார். வெட்கப்பட ஒன்றுமில்லை.

நகையை மட்டும் இந்த நாலு மெஷினுக்காக அடகு வைக்காதீர்கள். தங்கச்சி சரி என்று சொன்னாலும் வைக்காதீர்கள்.

கைமடிப்பு

எல்லாருக்கும் நன்றிங்க. உத்யம் 2020 கடைசியிலேயே எடுத்தது, பேங்கில் கேட்டதால். பார்ட்டி கடைசிப் பணம் 2023-ல் போட்டார், ‘மீதி தீபாவளி கழித்து’ என்று மெயிலும் இருக்கிறது, அதை இன்றைக்குத்தான் தேடி எடுத்தேன். லேப் டிப் கட்டிங் இரண்டு கலருக்கு இருக்கிறது, மூன்றாவது கலருக்குக் காணோம். வக்கீலை ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன். ஜிஎஸ்டிஆர்-10 போட்ட மாதிரி தெரியவில்லை, ஆடிட்டரைக் கேட்க வேண்டும்.

அட்டைப்பெட்டிக்காரரிடம் நேற்றுப் போய்வந்தேன். அவர் பாக்கியையே மறந்திருந்தார், பையனுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார். பத்திரிகை கொடுத்தார். கல்யாணத்துக்கு முன்னால் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறோம்.

வேலையை விடவில்லை. வீட்டம்மாவும் டெய்லர்கள் இரண்டு பேரும் பகலில் ஓட்டட்டும், நான் சாயங்காலம் வந்து செக்கிங் பார்க்கிறேன், கூலிக்கு மட்டும், வாரக் கணக்கு. நாலு மெஷின் என்றால் எதெது எடுப்பது? செகண்ட் ஹேண்டில் பார்க்கிறோம்.

காதர்பேட்டை வாசி

வேலையை விடவில்லையா, அப்போ சரி. டி-சர்ட் என்றால் துணியை ஓரத்தோடு சேர்த்துத் தைக்க ஓவர்லாக் இரண்டு, மடிப்புத் தைக்கப் பேட்லாக் ஒன்று, நேர்த்தையலுக்குச் சிங்கர் ஒன்று. மோட்டார் பழைய கிளட்ச் மோட்டாராக இருந்தால் விலை குறைச்சலென்று எடுக்காதீங்க, மிதிக்காத நேரமும் ஓடிக்கொண்டே கரண்ட் இழுக்கும். மிதித்தால் மட்டும் ஓடும் சர்வோ மோட்டார் மாட்டினதா பாருங்க. பேட்லாக்கை மட்டும் நேரில் போய்த் துணி போட்டு ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீங்க, கைமடிப்பில் தையல் விட்டுவிட்டு விழுந்தால் அதைச் சரிபண்ணுவதற்குள் மெஷின் விலை ஆகிவிடும். லோக்கலில் உள்ளாடை, குழந்தை ஐட்டம் தைக்கிற இரண்டு பேர் வாரப் பேமெண்ட்டுக்கு ஆள் தேடுகிறார்கள், தனியா மெசேஜ் போடுங்க.