லெதர் பவளம் பத்து நாளாக விரியவில்லை

கேள்வி:
சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, 90 லிட்டர் கடல்நீர்த் தொட்டி. எட்டு மாதமாக நன்றாக இருந்த லெதர் பவளம் (தண்டும் குடையும் கொண்ட மென்பவளம்) பத்து நாளாகக் குடை சுருங்கியே நிற்கிறது. மேலே மெழுகு பூசியது போலப் பளபளப்பு, ஓரத்தில் பழுப்புப் பாசி. உப்பின் அளவு (ஒப்படர்த்தி) 1.025, நைட்ரேட் 10 பிபிஎம். பக்கத்தில் இருக்கும் காளான் பவளங்களுக்கு ஒன்றும் இல்லை. செத்துக்கொண்டிருக்கிறதா? மனசு கேட்கவில்லை.

பதில்:
பயப்படாதீங்க, தோல் உரிக்கிறது. இந்த வகை அவ்வப்போது மேல்தோலை மெழுகுப் படலமாகக் கழற்றிவிடும், பாசியும் அதோடு போகும். என்னுடையது ஒருமுறை இரண்டு வாரம் எடுத்துக்கொண்டது. விரலால் உரிக்க வேண்டாம். அலை மோட்டாரைக் கொஞ்சம் திருப்பி, குடைமேல் நீரோட்டம் தவழ்ந்து போகும்படி வையுங்கள். நேராகப் பீய்ச்சக் கூடாது. தண்டு கறுத்துக் குழைந்து அழுகல் வாடை வந்தால்தான் ஆபத்து.

பதில்:
வெப்பநிலை சொல்லவில்லையே? நம்ம ஊர் வெயிலில் சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாவிட்டால் சுலபமாக 30 டிகிரி தொடும். 26 பக்கம் வையுங்கள். விசிறி வைத்தால் தண்ணீர் வேகமாக ஆவியாகும், உப்பில்லாத ஆர்ஓ நீரால் நிரப்புங்கள். ஆக்டிவேட்டட் கார்பனும் ஒரு பை போடுங்கள். லெதர் பவளம் தண்ணீரில் விடும் ரசாயனம் மற்ற பவளங்களை வாட்டும், அதைக் கார்பன் உறிஞ்சிக்கொள்ளும்.

கேட்டவர்:
29.5 இருந்தது, விசிறி வைத்துவிட்டேன். இன்று காலை படலம் ஓரத்தில் கிழிந்து, ஈர வெங்காயத் தோல் மாதிரி ஆடுகிறது. அடியில் இளமஞ்சள். மூன்று பாலிப் (குடைமேல் விரியும் குட்டிப் பவள உயிர்கள்) வெளியே வந்திருக்கின்றன!