சாடியைக் கவிழ்த்துப் பார்

குடும்பக் குழு, ஞாயிற்றுக்கிழமை

நான் (காலை 9:12): எல்லோருக்கும் வணக்கம். நேற்று எங்கள் ஒழுங்கையில், இடிக்கப்போகும் ஒரு பழைய வீட்டின் முற்றத்தில் பொருட்களைப் பரப்பி விற்றார்கள். யன்னல் கதவுகளுக்கும் கால் உடைந்த கதிரைகளுக்கும் நடுவே தேன் நிறக் கண்ணாடிப் பூச்சாடி ஒன்று கிடந்தது. ஒரு சாண் உயரம், ஒடுங்கிய கழுத்து, வயிற்றைச் சுற்றித் திராட்சைக் கொத்துகள். ஒல்லாந்தர் காலத்தது என்று சொல்லி 6,000 ரூபாய் கேட்டவர், கடைசியில் 3,500 ரூபாய்க்குத் தந்தார். படம் அனுப்பியிருக்கிறேன்.

தங்கச்சி (9:20): அழகாக இருக்கிறது அக்கா. ஆனால் உள்ளே பால் காய்ந்தது போல வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறதே? அடியில் துளையிட்டு மின்குமிழ் பொருத்தினால் நல்ல மேசை விளக்காகும்.

கொட்டாஞ்சேனை மாமா (9:41): துளையைப் பற்றிப் பிறகு பேசுவோம். பிள்ளை, சாடியைக் கவிழ்த்து, கைப்பேசி வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்து, அடியை ஒரு படம் எடுத்து அனுப்பு.

நான் (9:58): வெளிச்சத்தைச் சாய்த்த பிறகுதான் தெரிகிறது மாமா. மூச்சுப் பட்டது போல மங்கலாக, வட்ட வடிவில், 'மேட் இன் செக்கோஸ்லோவாக்கியா' என்று இருக்கிறது.

கொட்டாஞ்சேனை மாமா (10:15): ஒல்லாந்தர் கொழும்பை ஆங்கிலேயரிடம் விட்டது 1796இல். செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடு பிறந்ததே 1918இல். 1992 முடிவோடு அது இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஆகவே அந்தப் பெயரைத் தாங்கிய உன் சாடி எந்த ஒல்லாந்தரையும் கண்டிருக்க முடியாது. ஆனாலும் ஏமாந்துவிட்டாய் என்று நினைக்காதே, ஏனென்றால் அந்நாட்டின் பொஹிமியப் பகுதி பல நூற்றாண்டுகளாகக் கண்ணாடி வேலைக்குப் பேர்போனது.

நான் சுங்கத்தில் இருந்த காலத்தில் பெட்டியைத் திறந்தால் முதலில் அடியைத்தான் பார்ப்போம். இறக்குமதிப் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் சட்டம் போட்டது. அதனால்தான் அங்கு போன ஜப்பானியச் சாடிகளில் 1891 முதல் 1921 வரை ஜப்பானியர் தம் நாட்டைச் சொல்லும் 'நிப்பொன்' என்ற பெயரும், அதன் பிறகு 'ஜப்பான்' என்ற பெயரும் காணப்படுகின்றன. முத்திரையைப் போலியாகக் குத்துபவர்களும் உண்டு. ஆகவே அடி விளிம்பில் விரலை ஓட்டிப் பார். பல வருடம் மேசையில் நின்ற சாடியில் நுண்ணிய கீறல்கள் ஒழுங்கில்லாமல் நாலாபக்கமும் ஓடும். அவசரத்தில் உப்புத்தாள் தேய்த்துப் பழசாக்கியதில் அவை ஒரே திசையில் நிற்கும்.

பெரியம்மா (10:32): தம்பி, எங்கள் கண்ணாடி அலுமாரியில் இருக்கும் ஜப்பான் சாடிக்கு இந்தச் சோதனையெல்லாம் தேவையில்லை. அது நொரிடாக்கி, ஜப்பானின் பேர்போன பீங்கான் நிறுவனம் செய்தது.

கொட்டாஞ்சேனை மாமா (10:34): எதற்கும் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள் அக்கா.

பெரியம்மா (10:51): நொரிடாக்கி என்று இருக்கிறது. அதற்குக் கீழே 'ஸ்ரீ லங்கா' என்றும் இருக்கிறது.

கொட்டாஞ்சேனை மாமா (10:53): அது நொரிடாக்கியின் மாத்தளைத் தொழிற்சாலை, அக்கா. 1972இல் நிறுவப்பட்டது, இந்த நாட்டுக்கு ஸ்ரீ லங்கா என்ற பெயர் வந்ததும் அதே வருடந்தான். தரத்தில் ஒரு குறையும் இல்லை. முப்பது வருடமாக அது ஜப்பானிலிருந்து கப்பலில் வந்தது என்று நீங்கள் சொல்லிவந்த கதையை மட்டும் இனி விட்டுவிடலாம்.

பெரியம்மா (11:05): சரி, பிள்ளையின் சாடிக்கு வருவோம். அந்த வெள்ளை, தண்ணீரின் சுண்ணாம்பாக இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் செம்பிலும் இப்படித்தான் படியும். வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் ஊற்றி இரவு முழுவதும் வைத்துவிட்டு, காலையில் ஒரு பிடி பச்சையரிசியும் இரண்டு துளி சவர்க்காரமும் போட்டு மெதுவாகச் சுழற்று. மணல் போடாதே, கீறிவிடும். கொதிநீரும் ஊற்றாதே, வெடித்துவிடும். அதற்கும் போகாத வெள்ளை, கண்ணாடியே அரித்துப்போனதன் அடையாளம். அதை வீட்டில் தீர்க்க முடியாது.

தங்கச்சி (11:18): அதனால்தான் விளக்காக்கச் சொன்னேன்.

கொட்டாஞ்சேனை மாமா (11:20): துளையிட்டால் அது பூச்சாடி அல்ல, விளக்குக் கால். வாங்குபவர் அந்த விலைக்குத்தான் கேட்பார்.

பெரியம்மா (11:29): துளையை விடப் பெரிய கவலை தண்ணீர். டெங்கு நுளம்பின் முட்டை தண்ணீருக்கு மேலே, சாடியின் உட்சுவரில் ஒட்டியிருக்கும்; காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, உள்ளே தேய்த்துக் கழுவ வேண்டும். இந்த ஒடுங்கிய கழுத்துக்குள் யாருடைய கை போகும்? 2017இல் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. நம் வீட்டிலேயே இரண்டு பேர் படுத்திருந்தார்கள். சுகாதாரப் பரிசோதகர் வந்தால் திராட்சைக் கொத்தையா பார்க்கப்போகிறார்?

நான் (11:40): அப்படியானால் தண்ணீர் ஊற்றாமலே வைக்கிறேன் பெரியம்மா. காய்ந்த தென்னம்பாளையில் இரண்டு கீற்று எடுத்துச் செருகலாம் என்று நினைக்கிறேன். எங்கள் தொடர்மாடியில் கடற்காற்று பலமாக இருப்பதால், சாடி சரியாமலிருக்க அடியில் கூழாங்கற்கள் போட வேண்டும். மேற்கு யன்னலருகே நின்றால் மாலை வெயில் அந்தத் தேன் நிறத்தினூடாகச் சுவரில் விழும். அதற்காகவே பக்கத்தில் வேறு எதையும் வைக்கப்போவதில்லை.

கொட்டாஞ்சேனை மாமா (11:44): கல்லை ஒவ்வொன்றாக இறக்கு. சாடியைச் சாய்த்துப் பிடித்து இறக்கு.

திங்கட்கிழமை

நான் (காலை 7:30): முக்கால்வாசி வெள்ளை போய்விட்டது. அடியில் ஒரு வளையம் மட்டும் அசையவில்லை. கண்ணாடி அரித்த இடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். கற்கள் அதை மறைத்துவிடும். இப்போது திராட்சையின் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரிகிறது. படத்தைப் பாருங்கள்.

பெரியம்மா (7:36): மிகவும் நன்றாக வந்திருக்கிறது. அந்த அரிசியைக் காகத்துக்குப் போட்டுவிடாதே, அதில் சவர்க்காரம் இருக்கிறது.

நான் (7:37): போட்டுவிட்டேன் பெரியம்மா. ஒரு மணியைக் கொத்திப் பார்த்துவிட்டுப் பறந்துவிட்டது.