கொண்டாட்ட வீடுகளில் சீனி வருத்தக்காரர் எப்படிச் சாப்பிடுவது?

மாங்குளம் ரீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 47. தை மாதம் செய்த பரிசோதனையில் வெறுவயிற்றுச் சீனி 148 என்று வந்ததால் கிளினிக்கில் பதிந்து, மெற்போமின் குளிசையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடுமாகச் சித்திரை முடிவதற்குள் அதை 112 வரை இறக்கிவிட்டேன். வீட்டில் இருக்கும்வரை எனக்கு ஒரு சிக்கலும் இல்லை. காலையில் குரக்கன் பிட்டு, மத்தியானம் சிவப்பரிசிச் சோற்றில் ஓர் அகப்பை, அதனுடன் முருங்கையிலை வறை, ஒரு மீன் துண்டு என்று பழகிவிட்டது.

வைகாசி பிறந்ததும் எல்லாம் குழம்பிப்போனது. பத்து நாட்களுக்குள் ஒரு கல்யாணம், ஒரு சாமத்திய வீடு, ஓர் அந்தியேட்டி. புதுக்குடியிருப்பில் நடந்த சாமத்திய வீட்டில், நான் கதிரையில் இருப்பதற்கு முன்பே சோடாப் போத்தலும், கேக், றோல்ஸ், வடை, பயற்றம் பணியாரம், அரியதரம் எல்லாம் அடுக்கிய தட்டும் கைக்கு வந்துவிட்டன. எனக்குச் சீனி வருத்தம் என்று சொன்னேன். "சீனி இப்ப ஆருக்குத்தான் இல்லை? ஒருநாளைக்குத் திண்டா ஒண்டும் செய்யாது பிள்ளை" என்று சொல்லி, பெரிய மாமி அரியதரத்தைப் பிய்த்து, எண்ணெய் மினுங்கும் விரல்களால் என் வாய்க்குள்ளேயே வைத்துவிட்டார். அடுத்த கிழமை பார்த்தபோது சீனி 139.

ஆனி, ஆவணி முகூர்த்தங்கள் இனித்தான் வரப்போகின்றன. போகாமல் விடுவது முறையில்லை, போனால் மறுக்கவும் முடியவில்லை. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

முள்ளியவளைச் சமையற்காரர்:

ரீச்சர், நான் இருபது வருடங்களுக்கு மேலாகச் சபைச் சமையல் செய்பவன். எனக்கும் ஐந்து வருடமாகச் சீனி இருக்கிறது, ஆகவே அகப்பையின் இரண்டு பக்கத்தையும் அறிவேன்.

பந்தியில் பரிமாறும் பொடியன்களுக்கு நாங்கள் சொல்லி அனுப்புவது ஒன்றே ஒன்றுதான்: ஒருவருடைய இலையும் வெறுமையாக இருக்கக்கூடாது. ஆகவே நீங்கள் கவனமாகக் கொஞ்சச் சோறு வாங்கி அதை முழுதாகச் சாப்பிட்டு முடித்தீர்களானால், அந்த வெற்றிடத்தைக் கண்ட உடனேயே இரண்டு அகப்பை வந்து விழும், கையை நீட்டி மறிப்பதற்குள் குழம்பும் ஊற்றப்பட்டுவிடும். இலையின் ஒரு ஓரத்தில் ஒரு பிடி சோற்றைக் கடைசிவரை வைத்திருங்கள். மறுசோறு கொண்டு வருபவன் அதைப் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவான். எழும்புகிற நேரம் அந்தப் பிடியையும் சாப்பிட்டு முடிக்கலாம், சோற்றை எறிந்த பாவமும் வராது.

கறிகளைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கத்தரிக்காயை நாங்கள் எண்ணெயில் பொரித்த பிறகே குழம்பு வைக்கிறோம், அது பஞ்சு மாதிரி எண்ணெயைக் குடித்துவிடும். பூசணிக்காயில் பலர் ஒரு கை சர்க்கரை போடுவார்கள். உருளைக்கிழங்குப் பிரட்டலை மரக்கறி என்று எண்ணாதீர்கள், அதுவும் சோற்றின் கூட்டாளிதான். பயிற்றங்காய், கீரைக்கடைசல், பருப்பு, ரசம் ஆகியவற்றைத் தயங்காமல் கேட்டு வாங்குங்கள். கீரையை இரண்டாந்தரம் கேட்கிற ஆளைக் கண்டால் சமையற்காரனுக்கு உண்மையிலேயே சந்தோசம், ஏனென்றால் சட்டியில் மிஞ்சுவது எப்போதும் அதுதான். மண்டபத்தில் புபே என்றால், கோப்பையை எடுப்பதற்கு முன் வெறுங்கையுடன் ஒருமுறை மேசையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பலகாரத்துக்கு மட்டும், இன்றைக்கு விரதம் என்று சொல்லித் தப்புவதே சுகமான வழி.

கிளிநொச்சித் தாதிய உத்தியோகத்தர்:

சமையற்கார ஐயா சொன்னவை எல்லாம் பயனுள்ளவை. ஆனால் சாப்பிடுவதற்கு முன்பே நடக்கிற ஒரு பிழையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. மத்தியானம் கல்யாணச் சாப்பாடு இருக்கிறதே என்று காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு வருகிறவர்கள் பலர். முகூர்த்தம் பிந்தி, படமெடுப்பு நீண்டு, பந்தி இரண்டரை மணிக்குத்தான் தொடங்கும். ரீச்சர் எடுக்கிற மெற்போமின் தனியே சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. கிளிக்ளசைட் போன்ற குளிசை எடுப்பவர்களுக்கும் இன்சுலின் போடுபவர்களுக்கும் கதை வேறு. போன ஆவணியில் ஒரு மண்டபத்தில், எனக்கு முன் வரிசையில் இருந்த ஐயா ஒருவர் வேர்த்துக் கை நடுங்கிச் சரிந்தபோது, சுற்றி நின்றவர்கள் வெயில் என்று நினைத்து விசிறிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் திரும்பவும் கொடுக்க வேண்டும். ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆகவே காலையில் வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டே புறப்படுங்கள், பசியோடு போகிறவருக்கு அரியதரத்தை மறுக்கவும் இயலாது.

இலையில் முதலில் மரக்கறியையும் பருப்பையும் சாப்பிட்டு, சோற்றைப் பிறகு தொடங்கினால், சாப்பாட்டுக்குப் பின் சீனி ஏறுகிற வேகம் குறையும். சாப்பிட்ட பின் வெற்றிலைத் தட்டடியில் இருந்துவிடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதும் அதே வேலையைச் செய்யும்.

சோடாவை மட்டும் அடியோடு மறுத்துவிடுங்கள். நம் நாட்டில் 2016இல் பானப் போத்தல்களுக்கு நிறக் குறியீடு கொண்டுவந்தபோது, 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி உள்ளவற்றுக்குச் சிவப்பு என்று வைத்தார்கள். அந்த அளவில் 250 மில்லிலீற்றர்ப் போத்தல் ஒன்றிலேயே 27 கிராமுக்கு மேல் சீனி இருக்கும். உலக சுகாதார நிறுவனம், சேர்க்கப்படும் சீனி நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது.

139ஐக் கண்டு கலங்க வேண்டாம் ரீச்சர். வெறுவயிற்று அளவு முதல்நாள் இராச் சாப்பாட்டாலும், நித்திரைக் குறைவாலும் ஏறி இறங்கும். அடுத்த கிளினிக்கில் எச்பிஏ1சி பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள், அது இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும்.

ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு பேத்தி:

விரதம் என்று பொய் சொல்லும் யோசனையுடன் எனக்கு உடன்பாடில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அதே மாமி எங்கள் வீட்டுக்கு வந்து மீன் சட்டியைக் கண்டால் என்ன செய்வது?

அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. என் அம்மம்மா 2009இல் முள்ளிவாய்க்காலில் அரிசியும் தண்ணீரும் உப்புமாகக் காய்ச்சிய கஞ்சிக்குச் சிரட்டையுடன் வரிசையில் நின்றவர். இன்றைக்கும் யாராவது வேண்டாம் என்று தட்டைத் தள்ளினால் அவருடைய முகம் மாறிவிடும். நமக்குச் சீனி அளவு ஞாபகம் வருகிற இடத்தில் அவருக்கு அந்த வரிசை ஞாபகம் வருகிறது. ரீச்சருடைய பெரிய மாமியும் அந்த வயதுக்காரராக இருந்தால், அவரிடம் வேண்டாம் என்ற சொல்லைப் பாவிக்காதீர்கள். "மாமி, எனக்கு இதைப் பார்சலாகக் கட்டித் தாங்கோ, வீட்டை கொண்டுபோகப் போறன்" என்று கேளுங்கள். கொடுத்த திருப்தி அவருக்கு, பலகாரம் வீட்டுப் பிள்ளைகளுக்கு. நான் இன்னொன்றும் செய்வேன்: போன உடனே சமையல் பக்கம் போய் வெங்காயம் உரிக்க இருந்துவிடுவேன். வேலை செய்கிற கைக்கு ஒருவரும் தட்டு நீட்டுவதில்லை.

மாங்குளம் ரீச்சர்:

அனைவருக்கும் நன்றி. நேற்றுத் துணுக்காயில் ஒரு குடிபூரல். காலையில் பிட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனேன். ஓரத்துப் பிடிச் சோறு நன்றாக வேலை செய்தது, பரிமாறிய தம்பி இரண்டு தரமும் என்னைக் கடந்து போய்விட்டான். பெரிய மாமியிடம் பார்சல் கேட்டதற்கு, எட்டு அரியதரமும் ஒரு சரை பயற்றம் பணியாரமும் கட்டித் தந்துவிட்டார்! பஸ்ஸில் பின் இருக்கைப் பிள்ளைகளுக்குப் பாதி போய்விட்டது.

ஒன்றில் மட்டும் தோற்றேன். வெறுந்தேத்தண்ணீர் கேட்டபோது, சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி நல்லதென்று பெரிய துண்டொன்றைக் கையில் வைத்துவிட்டார்கள், அதை முழுதாகக் கடித்துக் குடித்தேன். அது பரவாயில்லையா?

கிளிநொச்சித் தாதிய உத்தியோகத்தர்:

பனங்கட்டியிலும் பெரும்பகுதி சீனிதான் ரீச்சர், இரத்தத்தில் சீனியை ஏற்றத்தான் செய்யும். அடுத்தமுறை நகமளவு கிள்ளி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அந்தப் பார்சலுக்குள் போட்டுவிடுங்கள்.