மறு: அக்ரிலிக் மீடியம், அடிடிவ் – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். அக்ரிலிக் வண்ணத்தோடு கலக்கும் மீடியம், அடிடிவ் இரண்டுக்கும் ஓவியக் கையேட்டில் என்ன தமிழ்ச் சொல் போடலாம் என்பதுதான் பேச்சு. தக்கலை அண்ணாச்சி கேட்டது:

> மீடியம் என்றால் ‘ஊடகம்’, அடிடிவ் என்றால் ‘சேர்க்கைப்பொருள்’. இரண்டும் வழக்கில் இருக்கின்றன. புதிதாகத் தேடி மெனக்கெட வேண்டுமா?

தக்கலை அண்ணாச்சி, மெனக்கெடத்தான் வேண்டும். தைலவண்ணம் ஓர் ஊடகம், நீர்வண்ணம் ஓர் ஊடகம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிட்டு, ‘அக்ரிலிக் ஊடகத்தில் பளபளப்பு ஊடகத்தைக் கலக்கவும்’ என்று கையேட்டில் அச்சடித்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. இந்த இரண்டு சொற்களில் எதைத் தாராளமாக ஊற்றலாம், எதைச் சொட்டுக் கணக்கில் விட வேண்டும் என்று தெரிகிறதா? நமக்கு வேண்டிய கலைச்சொல் முதலில் அதைச் சொல்ல வேண்டும்.

மீடியத்தை நிறமி போடாத அக்ரிலிக் வண்ணம் என்றே வைத்துக்கொள்ளலாம். நுண்ணிய பலபடித் (பாலிமர்) துகள்கள் நீரில் விரவி நிற்கும் பால்மம் அது. நீர் ஆவியானதும் துகள்கள் நெருங்கி, ஒன்றோடொன்று இழைந்து படலமாகிவிடும். பிறகு நீர் பட்டாலும் கரையாது. ஆகவே அதை எவ்வளவு சேர்த்தாலும் பூச்சின் உறுதி குறையாது, நிறம்தான் மெலியும். அடிடிவ் அப்படியல்ல. ரிடார்டர், வண்ணத்தை எளிதாகப் பரவச் செய்யும் ஃப்ளோ இம்ப்ரூவர் போன்றவற்றில் படலம் கட்டும் சரக்கு இல்லை. ரிடார்டரில் பெரும்பாலும் கிளைக்கால் (glycol) வகைத் திரவம் இருக்கும். அது வண்ணம் காய்வதைத் தாமதப்படுத்தும். அளவு மிஞ்சினால் பூச்சு பிசுபிசுவென்றே கிடக்கும்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் சுவரோவியம் தீட்டிய மாணவர் ஒருவர், காற்றில் வண்ணம் தட்டிலேயே காய்ந்துவிடுகிறது என்று ரிடார்டரைத் தாராளமாக ஊற்றிவிட்டார். கணவாய்க் காற்று கொண்டுவந்த தூசியெல்லாம் அவருடைய நீல வானத்தில் ஒட்டிக்கொண்டது. தொட்டால் கைரேகை பதிந்தது. பாட்டிலில் ‘சேர்க்கைப்பொருள்’ என்று தமிழில் எழுதியிருந்தாலும் அவர் ஊற்றித்தான் இருப்பார். சேர்ப்பதற்குத்தானே சேர்க்கைப்பொருள்!

சந்தேகம் இருப்பவர்கள் ஒரு கண்ணாடித் துண்டில் மீடியம், ரிடார்டர் இரண்டையும் சொட்டுச் சொட்டாக விட்டுப் பாருங்கள். பளபளப்பு மீடியம் முதலில் வெள்ளையாக இருக்கும். ஓரம் தெளிந்துகொண்டே வரும், நடுவில் ஒரு வெண்புள்ளி நெடுநேரம் நிற்கும். நன்றாகக் காய்ந்த பிறகு நகத்தால் நெம்பினால் தெளிந்த தோலாக உரிந்து வரும். ரிடார்டர் சொட்டு மறுநாளும் ஈரமாகவே இருக்கும். துணியால் துடைத்தால் போய்விடும்.

அந்த வெள்ளையைப் பார்த்து வெள்ளை வண்ணம் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. வெள்ளை நிறமிக்கு மூலமான இல்மனைட் நம் மணவாளக்குறிச்சி மணலிலேயே இருக்கிறது. மீடியத்தில் அந்த நிறமி துளியும் இல்லை. நீரில் விரவிய துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் வெள்ளை அது. காயும்போது போய்விடும், அக்ரிலிக் காய்ந்தபின் ஒரு சாயல் அடர்ந்து தெரிவதும் அதனால்தான்.

இனி சொல்லுக்கு வருகிறேன். ரப்பர் தோட்டங்கள் உள்ள குலசேகரம், அருமனை பக்கத்து நண்பர்களுக்கு நான் எதையும் புதிதாக விளக்க வேண்டியதில்லை. ரப்பர் பாலும் நீரில் விரவிய பலபடிதான். சிரட்டையில் தங்கிய பால் தானாகவே உறைந்து ஒட்டுப்பாலாகிறது. கெடாமல் நிற்க அமோனியா விடுகிறோம், உறைய வைக்க ஆசிட் விடுகிறோம். இரண்டும் வேலை செய்கின்றன. ஆனால் அமோனியாவையோ ஆசிட்டையோ மட்டும் வைத்துக்கொண்டு எவரும் ஷீட் அடிக்க முடியாது. அளவு தப்பினால் கெடுதல் வேறு. பாலையும் ஆசிட்டையும் தோட்டத்தில் எவரும் ஒரே பெயரால் அழைப்பதில்லை.

எனவே படலம் கட்டுவதற்கெல்லாம் ‘பிசின்’ என்று தலைப்பெயர் வைக்கலாம். திரவமாக ஓடும் மீடியம் பிசின்பால். ஜெல் மீடியம் பிசின்கூழ். பளிங்குத்தூள் கலந்த மாடலிங் பேஸ்ட் பிசின்சாந்து. மேட் என்றால் மங்கல் பிசின்பால், கிளாஸ் (gloss) என்றால் பளபளப்புப் பிசின்பால். படலம் கட்டாதவை எல்லாம் ‘சேர்மானம்’. சித்த வைத்தியர்கள் புழங்கும் சொல். கேட்டவுடனேயே ‘என்ன அளவு?’ என்ற கேள்வி வந்துவிடும். ரிடார்டருக்கு ‘ஈரங்காப்பி’ என்று முதலில் நினைத்தேன். வீட்டில் சொன்னதும் ‘சீனி போட்டா, போடாமலா?’ என்று கேட்டார்கள். அதனால் ஈரந்தாங்கி. ஃப்ளோ இம்ப்ரூவர், பரவலூக்கி. பிசின் என்றதும் இப்படி ஒரு கேள்வி வரும்:

> பிசின் என்றால் வேலம்பிசின்தான் நினைவுக்கு வரும். அது நீரில் கரையும். அக்ரிலிக் காய்ந்தால் கரையாது. குழப்பம் வராதா?

வராது என்று நினைக்கிறேன். மரப்பிசின் மட்டுமல்ல, செயற்கை ரெசினுக்கும் பாடநூலில் பிசின் என்றுதான் இருக்கிறது. சொல்லுக்கு ஊர்ப் பழக்கமும் உண்டு. பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் இருக்கும் சுவரோவியங்களின் மரபில் நிறத்தைச் சுவரில் பிடித்து வைப்பது வேப்பம்பிசின். நிறமியைப் பிடித்து வைப்பது எதுவோ அது பிசின். கரைவதும் கரையாததும் அதனதன் குணம்.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து ஓவிய ஆசிரியர்

*

மார்த்தாண்டம் டீச்சர் எழுதியது:

சார், பிசின்பால் எனக்குச் சம்மதம். ஆனால் வண்ணத்தை மெல்லிய, ஒளி ஊடுருவும் அடுக்காகப் பூச உதவும் கிளேசிங் மீடியத்தை எங்கே வைப்பீர்கள்? அதில் படலம் கட்டும் பொருளும் இருக்கிறது, காய்வதைத் தாமதப்படுத்தும் பொருளும் இருக்கிறது. இன்னொன்று: இங்கே ஐப்பசி மழையில் ஈரந்தாங்கியே வேண்டாம், வண்ணம் காய்ந்தால் போதும் என்று இருக்கிறது. எல்லோருக்கும் அதை வாங்கச் சொல்லாதீர்கள்.

*

டீச்சர், கிளேசிங் மீடியம் தானாகவே படலம் கட்டுகிறது, ஆகவே பிசின்பால்தான். ‘மெல்லடுக்குப் பிசின்பால்’ என்று எழுதி, மெதுவாகக் காயும் என்று அடைப்புக்குள் குறித்துவிடலாம். மழைக்காலத்தைப் பற்றி நீங்கள் சொன்னதைக் கையேட்டில் அப்படியே சேர்த்துவிடுகிறேன். ஈரந்தாங்கியின் அளவுக்குப் பொதுக்கணக்கு எதுவும் போட வேண்டாம். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பாட்டிலில் உள்ள வரம்பே வரம்பு.

*

தக்கலையிலிருந்து:

சரி தம்பி, ஊடகத்தைக் கைவிட்டேன். வார்னிஷை மட்டும் இந்தப் பிசின் குடும்பத்தில் சேர்த்துவிடாதீர்கள். அழுக்கேறினால் கழற்றி எடுத்துவிட்டு மறுபடி பூசத்தக்க வார்னிஷ் இருக்கிறது. அதற்குப் பதிலாகப் பிசின்பாலைக் கடைசியில் பூசினால் படத்தோடு ஒன்றிவிடும். பிறகு படத்தைக் கெடுக்காமல் எடுக்கவே முடியாது. அதற்குக் ‘காப்புப்பூச்சு’ என்று தனியாக ஒரு பதிவு போடுங்கள்.