மூழ்கிய மீன்பிடிப் படகில் டைவிங்: இறங்கியவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் ஒரு தீவையொட்டி மூழ்கிக் கிடக்கும் மீன்பிடிப் படகைப் பார்க்க ஸ்கூபா டைவிங் போகிறோம். மேல்தளம் 22 மீட்டரில் இருக்கிறது, அடிப்பகுதி 28 மீட்டரில் மணலில் புதைந்திருக்கிறது. என் சான்றிதழ் 30 மீட்டர் வரை செல்லும். ஆனால் இதுவரை பவளப்பாறைகளில்தான் இறங்கியிருக்கிறேன்.

படகுக்குள் நுழையும் எண்ணம் இல்லை. வெளியே சுற்றி வந்தாலே போதும். எனக்குப் பெரிய கவலை வலைதான். பழைய வலையும் தூண்டில் நரம்பும் இன்னும் படகைச் சுற்றிக் கிடக்கின்றனவாம். நைலான் நரம்பு தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது. இதற்குக் கத்தி போதுமா, லைன் கட்டர் (நரம்பை அறுக்கும் சிறு கருவி) வேண்டுமா? காலில் கட்டினால் கத்தியே வலையில் மாட்டும் என்கிறார்கள், அது நியாயமாகத்தான் படுகிறது. நீங்கள் கத்தியை எங்கே பொருத்திக்கொள்வீர்கள்? முதுகுப்பக்கம், சிலிண்டர் வால்வில் சிக்கினால் முதலில் என்ன செய்வது? துணைக்கு வருபவரிடம் முன்கூட்டியே என்ன சைகை பேசி வைக்க வேண்டும்?

அப்புறம் காற்று. 28 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைவிடக் கிட்டத்தட்ட 4 மடங்கு என்பதால் சிலிண்டர் வேகமாகக் காலியாகும். சாதாரணக் காற்றில் டீகம்ப்ரஷன் (மேலே வரும் வழியில் கட்டாயமாக நின்று நின்று வருவது) இல்லாமல் 20 நிமிடம் போலத்தான் அங்கே இருக்க முடியும். 32 சதவீத நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்று) என்றால் நேரம் கூடும். இந்த ஒரு டைவுக்காக நைட்ராக்ஸ் பயிற்சியை எடுக்கலாமா, இல்லை மேல்தளத்தோடு நின்றுகொள்வது நல்லதா?

நீரோட்டம் பற்றியும் சொல்லுங்கள். ஓதம் திரும்பும் நேரத்தில் மட்டும்தான் இறங்குவீர்களா?